‘ஓல்ஃபாவின் பெண்கள்’ ஆவணப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் மாதம் ஓர் ஆவணப்படம் போட்டுப் பார்க்கிறோம். முப்பது, நாற்பது பேர் வருவார்கள். பாதிப் பேர் இங்கேயே நாலாவது, ஐந்தாவது தலைமுறை. மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் டர்பனுக்கு வேலைக்கு வந்தவர்கள். போன மாதம் ஒரு துனிசியப் படம் போட்டோம். அன்றிலிருந்து என் ஃபோன் ஓயவில்லை. வராதவர்கள், “அது என்ன படம், ஆயா ரெண்டு நாளா அதையே சொல்லிக்கிட்டிருக்காங்க” என்கிறார்கள். வந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். செப்டம்பர் கடைசியில் மறுபடியும் அதே படத்தைப் போடுகிறோம். வருவதற்கு முன் படித்துவிட்டு வந்தாலும் சரி, பார்த்த பிறகு படித்தாலும் சரி.

என்ன படம் இது?

2023-இல் வந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபோர் டாட்டர்ஸ்’, அரபியில் ‘பனாத் ஓல்ஃபா’, அதாவது ஓல்ஃபாவின் பெண்கள். எடுத்தவர் துனிசியாவின் கௌதர் பென் ஹனியா. அந்த ஆண்டு கான் விழாவில் போட்டிப் பிரிவில் இருந்தது. அங்கே ஆவணப்படங்களுக்கான ‘தங்கக் கண்’ விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. 2024-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

கதை என்று சொன்னால் இவ்வளவுதான். ஓல்ஃபா என்ற தாய்க்கு நான்கு பெண்கள். மூத்த இரண்டு பேரும் பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டு லிபியாவில் ஐஎஸ் (‘இஸ்லாமிய அரசு’) என்ற ஆயுத அமைப்போடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அம்மாவும் சின்னவர்கள் இருவரும். ‘மூத்தவர்களை ஓநாய் தின்றுவிட்டது’ என்று படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். கதையில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. எப்படி என்பதுதான் படம்.

ஆவணப்படம் என்கிறீர்கள், நடிகைகள் இருக்கிறார்களே?

நல்ல கேள்வி. எங்கள் கூட்டத்திலும் முதல் கால் மணி நேரம் இந்தக் கிசுகிசுதான். போய்விட்ட இரண்டு பெண்களுக்குப் பதிலாக இரண்டு நடிகைகள் வருகிறார்கள். அம்மாவும் தங்கைகளும் நிஜமானவர்கள். அம்மாவுக்குத் தாங்க முடியாத காட்சிகளில் அவருக்குப் பதிலாக நடிக்க ஹெந்த் சப்ரி இருக்கிறார், அரபு உலகில் பெரிய நட்சத்திரம். கணவன், அம்மாவோடு பின்னால் வந்து சேர்ந்தவன், போலீஸ்காரர் என எல்லா ஆண்களுக்கும் ஒரே நடிகர். அந்த வீட்டுக்கு வந்த ஆண்கள் எல்லோரும் ஒரே ஆள்தான் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அம்மாவோடு வாழ்ந்த அந்த இரண்டாவது ஆள் பிள்ளைகளிடம் அத்துமீறியிருக்கிறான். அந்தப் பெண்களில் ஒருத்தி, அவனாக நடிப்பவரிடம் அதைப் பேசும் காட்சி. பாதியில் நடிகரால் முடியவில்லை. கேமராவை நிறுத்தச் சொல்லி எழுந்து போய்விடுகிறார். அவள் நிதானமாக இருக்கிறாள். எனக்கு இது பரவாயில்லை, நான் பேசத்தானே வந்தேன் என்கிற மாதிரி. பட்டவள் திடமாக நிற்க, நடிக்க வந்தவர் உடைந்துபோகிறார். இதை நடிகர்களை வைத்து மட்டும் எடுத்திருந்தால் இந்த இடம் கிடைத்திருக்காது. பேட்டி மட்டும் எடுத்திருந்தாலும் கிடைத்திருக்காது. இயக்குநர் 2016 வாக்கில் வழக்கமான ஆவணப்படமாகத்தான் தொடங்கினார், அது சரிவராமல் வைத்துவிட்டுப் பிறகு இந்த வழிக்கு வந்தார்.

அந்தப் பெண்கள் எதற்காகப் போனார்கள்?

படம் ஒற்றை வரியில் பதில் சொல்வதில்லை. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஓல்ஃபாவின் கதையை அவர் அம்மா வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆண் துணை இல்லாத வீடு. வாசலில் வந்து தொல்லை கொடுக்கிறவர்களை விரட்ட, சிறுமி ஓல்ஃபா தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஆம்பிளை மாதிரி நிற்கிறாள். அப்புறம் கல்யாணம். முதலிரவில் அவனை அண்டவிடாமல் அடித்து, அவன் முகத்தில் வழிந்த ரத்தத்தையே துணியில் துடைத்து, வெளியே காத்திருந்த கூட்டத்துக்குக் காட்டுகிறாள். எங்கள் கூடத்தில் இந்த இடத்தில் ஓர் ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த மருமகளிடம், “எங்க காலத்துலயும் துணி பாப்பாங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அப்படிப்பட்ட ஓல்ஃபா தன் பெண்களை வளர்க்கும்போது, தன்னை எதிர்த்து நின்ற ஊரையெல்லாம் தானே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். கால் முடியை எடுத்ததற்கு அடி. ஒரு பெண் கறுப்பு உடையும் தீட்டிய கண்மையுமாக ‘கோத்’ பாணியில் திரிந்ததற்கு அடி. கொஞ்சநஞ்ச அடி இல்லை. பெண்ணின் உடம்பு என்பது எந்த நேரமும் மானத்தைக் கவிழ்க்கக் கூடிய ஒரு பொருள். அதைக் காவல் காப்பதே தாயின் வேலை.

வெளியே நாடு மாறுகிறது. 2011 ஜனவரி 14 அன்று, நாட்டை நெடுநாள் ஆண்ட அதிபர் பென் அலி ஓடிப்போகிறார். அவர் ஆட்சியில் தலைத்துணி போடுவதே சந்தேகத்துக்குரிய காரியம். இப்போது கதவு திறந்ததும் தெருவுக்குத் தெரு மதப் பிரசாரக் கூடாரங்கள். கூடாரத்துக்குப் போன பெண் அங்கே என்ன கேட்கிறாள்? அம்மா சொன்னதேதான்: உடம்பு பாவம், மூடு, பயப்படு. ஆனால் ஒரு வித்தியாசம். அம்மாவிடம் அவள் அடி வாங்குகிறவள். கூடாரத்தில் அவள் சட்டம் சொல்கிறவள். வீட்டுக்கு வந்து அம்மாவையே, ‘இது கூடாது, அது பாவம்’ என்று திருத்துகிறாள், தங்கைகளைத் தண்டிக்கிறாள். தொடக்கத்தில் பெண்கள் மூடிக்கொள்வதைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதிகூட. பிரம்பு கை மாறியது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

இதற்கு மேல் வறுமை, லிபியாவில் அம்மாவின் வீட்டுவேலை, அப்பா இல்லாதது, அத்துமீறல் எல்லாம் உண்டு. எதையும் கழித்துவிட முடியாது. ஆனாலும் எனக்குப் படத்தின் நடு முள் அந்தப் பிரம்புதான்.

மூளைச்சலவை என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

நாம் அப்படித்தான் சொல்கிறோம். பத்திரிகைகள் ‘தீவிரமயமாதல்’ என்று எழுதும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் சலவை என்றால் பிள்ளை ஒரு துணி, யாரோ போட்டுத் துவைத்தார்கள் என்று ஆகிவிடும். படத்தில் அந்தப் பெண் துணியாக இல்லை. அவளுக்கு அதில் ருசி இருந்தது. முதல் தடவையாக நாலு பேர் அவள் பேச்சைக் கேட்டார்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் நாம் பிள்ளையோடு பேச உட்கார்ந்தால், ‘உன்னை ஏமாத்திட்டாங்க’ என்றுதான் தொடங்குவோம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அப்படித் தொடங்கிய பேச்சு எங்கே போய் முடியும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் தப்பு அம்மா மேல்தானே?

போன மாதம் பெரிய சண்டை இதில்தான். ஓர் அண்ணன் எழுந்து, “முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு சும்மாவா சொன்னாங்க, அந்தம்மா இன்னும் நல்லா அடிச்சிருக்கணும்” என்றார். பின்வரிசையில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், “அங்கிள், ஒடிஞ்சுதானே போனாங்க” என்றாள். கூடம் அமைதியாகிவிட்டது.

இதைச் சொன்னபோது பலருக்குத் தெரியாமல் இருந்ததால் எழுதுகிறேன்: தென்னாப்பிரிக்காவில் பிள்ளையை அடிப்பதற்குப் பெற்றோருக்கு இருந்த ‘நியாயமான தண்டனை’ என்ற சட்டப் பாதுகாப்பை அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிரம்பு அதற்கு வெகு முன்பே, 1996-லேயே போய்விட்டது. நம் வீடுகளில் அது இன்னும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

அடி வாங்கிய பிள்ளையெல்லாம் ஆயுதம் தூக்குவதில்லை. நானும் வாங்கியிருக்கிறேன். அதே வீட்டில் அதே அடியை வாங்கிய சின்னவர்கள் இருவரும் போகவில்லை, அம்மாவோடு உட்கார்ந்து, சிரித்து, அழுது, அவரைக் கேள்வி கேட்கிறார்கள். என் அம்மா எனக்குச் செய்ததையே நான் இவர்களுக்குச் செய்தேன் என்கிற இடத்துக்கு ஓல்ஃபாவும் வருகிறார். ஹெந்த் சப்ரி சில இடங்களில் அவரை நேருக்கு நேர் மடக்குகிறார். ஓல்ஃபா மழுப்புகிறார், கோபப்படுகிறார், ஜோக் அடிக்கிறார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மன்னிக்க முடிந்ததா என்றால், அது என் வேலை இல்லை.

அம்மா போலீஸிடம் போகவில்லையா?

போனார். மூத்தவள் போன பிறகு அடுத்தவளாவது மிஞ்ச வேண்டும் என்று அலைந்தார். 2016-இல் வெளிப்படையாகத் தொலைக்காட்சியில் வந்து அதிகாரிகள் தடுக்கவில்லை என்று குற்றம் சாட்டினார். அதனால்தான் உலகத்துக்கு அவரைத் தெரியும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது பழக்கமான கதைதான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகளில் 260-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முன்னின்று நடத்தியவர் காத்தான்குடிக்காரர்; அவர் பேச்சுகள் தமிழில்தான் இணையத்தில் சுற்றின. அவரைப் பற்றி முஸ்லிம் சமூகத்தினரே பலமுறை அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் முதலில் தெரிகிறது. கேட்க வேண்டிய காது கடைசியில் திறக்கிறது.

பிள்ளைகள் இயக்கத்துக்குப் போனதோடு இதை ஒப்பிடலாமா?

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கேட்டார். ஒப்பிடுகிறேன் என்றால் ஒரு பக்கம் கோபம், ஒப்பிடவில்லை என்றால் இன்னொரு பக்கம் கோபம். காரணங்கள் வேறு, அங்கே தலைக்கு மேல் குண்டு விழுந்தது. விரும்பிப் போன பிள்ளைகளும் உண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளும் உண்டு. ஆனால் அந்த அக்கா சொன்னது வேறு. தம்பி போன அன்று காலையில் அம்மா அவனுக்கென்று எடுத்து வைத்த புட்டை மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லையாம். படத்தில் ஓல்ஃபா நடிகைகளை முதன்முதலாகப் பார்த்து, போன பெண்களின் சாடையைக் கண்டு கலங்கும்போது அவருக்கு அந்தப் புட்டுதான் ஞாபகம் வந்தது. நான் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

இது முஸ்லிம் வீட்டுக் கதை, நமக்கு எதற்கு?

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் மைக்கில் கேட்கவில்லை. தனியாக, மெதுவாகக் கேட்டார்கள்.

முதலில், ஓநாயால் நேரடியாக அடி வாங்கியது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள்தான். 2018 மே மாதம் டர்பனுக்குப் பக்கத்தில் உள்ள நம் வெருலத்தில் ஷியா பள்ளிவாசலுக்குள் புகுந்து குத்தினார்கள், ஒருவர் இறந்தார். 2015 ஏப்ரலில் கேப்டவுனைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தியை ஜோஹன்னஸ்பர்க்கில் விமானத்திலிருந்து இறக்கினார்கள்; ஐஎஸ்ஸில் சேரக் கிளம்பியிருந்தாள், பிறகு பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டாள். அந்தப் பெற்றோருக்கு ஓல்ஃபாவுக்குக் கிடைக்காத ஒரு மத்தியானம் கிடைத்தது.

இரண்டாவது, இந்த நாட்டில் ஓநாய்க்கு ஒரே மதம் இல்லை. 2002 அக்டோபரில் சொவேட்டோவில் குண்டு வைத்த ‘போயெரெமாக்’ கும்பல் வெள்ளை ஆஃப்ரிக்கானர்கள், பைபிள் படிக்கிறவர்கள். அந்த வழக்கு முடிய 2013 ஆனது.

மூன்றாவது சொல்லத்தான் எனக்குத் தயக்கம். 2021 ஜூலைக் கலவரம். டர்பனை ஒட்டி, நம் இந்திய வம்சாவளி மக்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ். கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை, எல்லோருக்கும் பயம்; அது நிஜம். நாங்களும் இரவு முழுக்க விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஆனால் தெருமுனைத் தடுப்புகளில் நின்றவர்களில் நம் பையன்களும் இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒவ்வொரு குரலும் முந்தையதைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தது. ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்த ஒரு வாரத்தில் எத்தனை அம்மாக்களுக்குத் தங்கள் பையன் கையில் என்ன இருந்தது என்று தெரியும்? எத்தனை பேர் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்? நானும் ஒரு ஃபிளாஸ்க் நிறையப் போட்டுக் கொடுத்தேன்.

என் பிள்ளையிடம் ஏதோ மாற்றம் தெரிகிறது. எதைக் கவனிப்பது?

நான் நிபுணர் இல்லை. தாடியும் பொட்டும் முக்காடும் அறிகுறி இல்லை, பக்தியும் இல்லை. திடீரென்று பழைய நண்பர்கள் எல்லோரையும் வெட்டிவிடுவது, வீட்டில் மற்றவர்களைக் கண்காணித்துத் தீர்ப்பு சொல்வது, ஒரு கூட்டத்தை மொத்தமாக மனிதக் கணக்கிலேயே சேர்க்காத பேச்சு, யாரோ ஒரு புது ‘அண்ணன்’ அல்லது ‘அக்கா’ சொன்னால் மட்டும் சரி என்பது: இவை சேர்ந்து வந்தால் சும்மா இருக்க வேண்டாம். ஃபோனைப் பிடுங்கி உடைத்தால் அடுத்த ஃபோன் உங்களுக்குத் தெரியாமல் வரும்.

பிள்ளைகளுக்கான ஆலோசனைக்குச் சைல்டுலைன் இருக்கிறது, 116-க்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்; பெற்றோரும் பேசலாம். பிள்ளை மதிக்கிற ஒரு பெரியவர், அவர் மௌலவியோ பாதிரியாரோ கராத்தே மாஸ்டரோ, உங்களைவிட உதவுவார். ஆள் கிளம்பும் நிலைமை, ஆயுதம், பயணம் என்றால் அது வீட்டு விஷயம் இல்லை. 2004-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டப்படி, தெரிந்தும் போலீஸிடம் சொல்லாமல் இருப்பதே குற்றம். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா என்று நெஞ்சு அடைக்கும். போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள், ஆனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அந்த மூத்த பெண்கள் இப்போது எங்கே?

ஒருத்தியின் கணவன் 2016 பிப்ரவரியில் லிபியாவின் சப்ராத்தாவில் அமெரிக்க விமானத் தாக்குதலில் குறிவைக்கப்பட்டவன். துனிசியாவில் 2015-இல் நடந்த பெரிய தாக்குதல்களோடு அவன் பெயர் அடிபட்டது. பெண்கள் பிடிபட்டார்கள். 2023-இல் லிபிய நீதிமன்றம் 16 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இன்னொருத்தியின் மகள் கைக்குழந்தையாகத் தாயோடு உள்ளே போனவள், சிறையிலேயே வளர்ந்தாள். படம் அந்தக் குழந்தையின் முகத்தில்தான் போய் நிற்கிறது.

படத்தில் உங்களுக்குப் பிடிக்காதது?

சின்னவர்கள் இருவரையும் இவ்வளவு திறந்து காட்டியிருக்க வேண்டுமா என்பது. அவர்கள் வளர்ந்தவர்கள், சம்மதித்தவர்கள், பேசப் பேசத் தெளிகிறார்கள், எல்லாம் சரி. இருந்தாலும் அம்மாவின் முன்னால், கேமராவின் முன்னால், பழைய காயத்தைத் திரும்ப நடித்துக் காட்டுவதைப் பார்த்தபோது இரண்டு மூன்று இடத்தில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. இன்னொன்று, கூடாரத்தில் பேசியவர்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் படத்தில் மங்கலாகவே இருக்கிறது. அந்த ஏற்பாடு சின்னதில்லை. சிரியா, இராக், லிபியா என்று கிளம்பிய துனிசியர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு வீட்டைப் பார்த்தால் அந்தக் கணக்கு தெரியாது.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

பதினாறுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேல் என்றால் அழைத்து வாருங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். போன முறை தனி வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் பேசினார்கள்.

மொழி புரியுமா? எவ்வளவு நேரம்? சாப்பாடு?

பேச்சு துனிசிய அரபி, கீழே ஆங்கில வரிகள். கண் தெரியாத பெரியவர்களுக்காக முன்வரிசையில் என் அக்கா மகள் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அது தொந்தரவு என்பவர்கள் பின்னால் உட்காரவும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பிறகு டீ உண்டு. புரட்டாசி என்பதால் சமோசாவில் உருளைக்கிழங்குதான், கறி கேட்காதீர்கள்.